பயாலஜியைப் பறிக்கும் வரிசை: பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியது

கேரளத்தில் 2025-இல் பிளஸ் ஒன் விண்ணப்பத்துக்கு மே 20, செவ்வாய்க்கிழமை, கடைசி நாளாக இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வெளியான மே 9-ஆம் தேதியிலிருந்து திருவனந்தபுரம் வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: “பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும். எந்த குரூப் போடுவது?” பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி என்பது எழுதியவர்களுக்கே தெரியும். பிரச்சினை, அந்த குரூப்பை விண்ணப்பத்தில் எத்தனையாவது வரியில் எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது.

முதலில் அரசு சொல்லும் கணக்கு. விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் இடம் உண்டு என்று கல்வித் துறை ஆண்டுதோறும் சொல்கிறது. அந்த ‘இடம்’ சயன்ஸ், காமர்ஸ், ஹியூமானிட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிய எண்ணிக்கை. 2024-இல், இடப் பற்றாக்குறைக்கு எதிரான போராட்டங்களுக்குப் பிறகு மலப்புறத்துக்குக் கொடுக்கப்பட்ட 120 கூடுதல் பேட்சுகளில் சயன்ஸ் ஒன்றுகூட இல்லை. தெற்கே நமக்கு அவ்வளவு நெருக்கடி கிடையாது. ஆனால் நகரத்தின் பெயர்பெற்ற பள்ளிகளில் பயாலஜி இடம் எளிதில் கிடைப்பதில்லை.

அதற்குக் காரணம் கிரேடு முறை. 90 வாங்கியவருக்கும் 100 வாங்கியவருக்கும் ஏ பிளஸ்தான். இருவருக்கும் 9 புள்ளி. 2025-இல் மாநிலத்தில் 61,449 பேர் எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ். இத்தனை பேர் ஒரே உயரத்தில் நிற்கும்போது, படித்த பள்ளி, குடியிருக்கும் உள்ளாட்சிப் பகுதி, தாலுகா ஆகியவற்றுக்குக் கிடைக்கும் போனஸ் புள்ளிகள்தான் பல இடங்களைத் தீர்மானிக்கின்றன. “முழு ஏ பிளஸ், அதனால் கேட்டது கிடைக்கும்” என்று நம்பி நாலைந்து ஆப்ஷனோடு நிறுத்திவிடும் பெற்றோர் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

இனி என்னைக் கவலைப்பட வைக்கும் விஷயம். ஏகஜாலக (ஒற்றைச் சாளர) முறையில் ஒரு பள்ளியும் ஒரு குரூப்பும் சேர்ந்தது ஓர் ஆப்ஷன். 01 என்றால் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, மேத்ஸ். 05 என்றால் பயாலஜிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் சயன்ஸ். ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: முதல் ஆப்ஷன், பெரிய பள்ளியில் 01, இரண்டாவது, அதே பள்ளியில் 05, மூன்றாவது, சற்றுத் தள்ளியுள்ள பள்ளியில் 01. முதலாவது கிடைக்கவில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அவளுக்குத் தகுதி இருக்கிறது. கணினி இரண்டாவதைக் கொடுத்துவிட்டு, மூன்றாவதையும் அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் தானாகவே அழித்துவிடும். மேலே எழுதியதைத்தான் அதிகம் விரும்புகிறாள் என்பதே அதற்குத் தெரிந்த ஒரே செய்தி. பள்ளியின் பெயருக்காக எழுதிய ஒரு வரி, கைக்கு எட்டியிருந்த பயாலஜியைப் பறித்துவிடுகிறது.

தற்காலிகமாகச் சேர்ந்துவிட்டு முதல் ஆப்ஷனுக்காகக் காத்திருக்கலாம். அது வராவிட்டால் பிறகு குரூப் மாற்றம் கேட்கலாம். அதுவும் காலியிடம் இருந்தால்தான். அலாட்மென்ட் வந்தும் சேராமல் விட்டால் நடைமுறையிலிருந்தே வெளியே. முதல் ஆப்ஷனே கிடைத்துவிட்டால் நிரந்தரமாகச் சேர வேண்டியதுதான், மறுபேச்சு இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளையின் எதிர்காலம் தொங்குகிற இந்த விதியை விண்ணப்பப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். புராஸ்பெக்டஸைத் தேடிப் படிப்பவர் எத்தனை பேர்?

ஆகவே, மருத்துவம்தான் குறி என்றால், போகத் தயாராக இருக்கும் எல்லாப் பள்ளிகளின் பயாலஜி ஆப்ஷன்களையும் முதலில் எழுதி முடியுங்கள். அதன் பிறகே மற்ற குரூப். மேத்ஸ் இல்லாமல், பயாலஜியோடு ஹோம் சயன்ஸ் அல்லது சைக்காலஜி சேர்ந்த குரூப்புகளும் உண்டு. நீட் எழுத அவையும் போதும். முதல் அலாட்மென்டுக்கு முன் டிரையல் அலாட்மென்ட் வரும். ஆப்ஷன்களைத் திருத்த அதுவே கடைசி வாய்ப்பு. 2025-இல் டிரையல் மே 24-இலும் முதல் அலாட்மென்ட் ஜூன் 2-இலும் வந்தன.

மற்ற கேள்விகள்:

மேத்ஸ் வேண்டுமா? நீட்டில் மேத்ஸ் இல்லை. ஆனால் இன்ஜினீயரிங் கதவு திறந்திருக்க அது வேண்டும், பிசிக்ஸ் கணக்குகளுக்கும் கைகொடுக்கும்.

நீட்டில் எதற்கு எவ்வளவு? மொத்தம் 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் 90 கேள்வி பயாலஜி.

பிளஸ் டூ மதிப்பெண் கணக்கில் வருமா? எம்.பி.பி.எஸ். ரேங்க் நீட்டை வைத்துத்தான். பிளஸ் டூவில் மூன்று பாடங்களும் சேர்த்துப் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். ஆனால் எல்.பி.எஸ். மையம் வழியாக பி.எஸ்சி. நர்சிங் சேர பிளஸ் டூ மதிப்பெண்தான் ரேங்க். கோச்சிங்கை நம்பிப் பள்ளித் தேர்வைக் கைவிடாதீர்கள்.

பயாலஜி இல்லாமலே பிளஸ் டூ முடித்தவர்கள்? அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

தமிழில் நீட் வினாத்தாள்? கேரள மையங்களில் கிடையாது. தமிழ்நாட்டு மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து பிள்ளையை இங்கே சேர்க்கலாமா? தமிழ்நாட்டின் 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடு, ஆறு முதல் பிளஸ் டூ வரை அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே. எல்லை தாண்டிய ஆண்டோடு அந்த உரிமை போய்விடும். சேர்க்கும் முன் இதை யோசியுங்கள்.