பேசாப்படக் கலைஞர் ருவான் லிங்யூ

சீனத் திரைப்படங்கள் பெரும்பாலும் பேசாதிருந்த காலத்தில், விழிகளாலும் நடையாலும் பெண்களின் துயரை உணர்த்தியவர் ருவான் லிங்யூ. 1910இல் ஷாங்காய் நகரில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். தாய், செல்வர் வீட்டில் பணிப்பெண்ணாக உழைத்து மகளைப் படிக்க வைத்தார். பதினாறாம் வயதில் மிங்சிங் நிறுவனத்தின் வழியாகத் திரையுலகில் நுழைந்தாலும், 1930இல் லியான்ஹுவா நிறுவனத்தில் சேர்ந்த பின்னரே தம் ஆற்றலுக்கேற்ற வேடங்களைப் பெற்றார்.

அவற்றுள் தலைசிறந்தது, வூ யோங்காங் இயக்கிய 'ஷென்னூ' (1934). இச்சீனச் சொல்லுக்குத் தெய்வப்பெண் என்பது பொருள். விலைமகளையும் அச்சொல்லாலேயே மறைவாகச் சுட்டுவர். மகனைப் படிக்க வைப்பதற்காக உடலை விற்று வாழும் தாயாக ருவான் நடித்தார். பள்ளி விழாவில் சிறுவன் பாடுகிறான். தாய் பூரிப்புடன் பார்க்கிறாள். அருகிலிருக்கும் பெற்றோரிடையே அவளைப் பற்றிய முணுமுணுப்பு ஒருவர் செவியிலிருந்து மற்றவர் செவிக்குத் தாவுகிறது. அவளோ அதை அறியாள். மிகை நடிப்பே வழக்கமாயிருந்த அக்காலத்தில், சிறு புன்னகையால் ருவான் இக்காட்சியை நிறைத்தார். அம்முணுமுணுப்பே பின்னர்ச் சிறுவனைப் பள்ளியை விட்டு வெளியேற்றுகிறது.

திரையில் கண்ட இக்கொடுமை அவர் வாழ்விலும் நேர்ந்தது. 1935இல் சாய் சூஷெங்கின் 'புதிய பெண்கள்' வெளிவந்தது. முந்தைய ஆண்டில் உயிரை மாய்த்துக்கொண்ட நடிகையும் எழுத்தாளருமான ஆய் சியாவின் வாழ்வைத் தழுவிய படம் அது. அவதூறு எழுதும் இதழாளன் ஒருவனை அப்படம் சாடியதால் ஷாங்காய் இதழாளர்கள் சினம் கொண்டனர். அந்நேரத்தில் ருவானுடன் முன்பு வாழ்ந்தவர் அவர்மீது வழக்குத் தொடுத்திருந்தார். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் முன்பே இதழ்கள் அவருடைய அந்தரங்கத்தைக் கடைச்சரக்காக்கின. அவ்வாண்டு மார்ச் 8 அன்று, உலக மகளிர் நாளில், தம் இருபத்து நான்காம் வயதில் ருவான் உயிர் துறந்தார். இறுதி ஊர்வலத்தில் பெருந்திரளானோர் கூடினர்.

எழுத்தாளர் லூ சூன் இதுகுறித்துக் கட்டுரை எழுதினார். தமக்கு ஆற்றலில்லை என்று இதழ்கள் கூறுவதை அவர் ஏற்கவில்லை. வலியோர்முன் அடங்கும் அவ்விதழ்கள், ருவானைப் போன்ற எளியோர்மீது பேராற்றல் கொண்டவை என்று சுட்டிக்காட்டினார்.

ருவான் நடித்த படங்களுள் பல இன்றில்லை. 'ஷென்னூ' எஞ்சியிருக்கிறது.