முக்தியார்நாமா: பழைய வழக்கமும் புதிய விதியும்

நிலத்தைப் பண்படுத்தும் முறைகளைக் கூறுவதே இப்பத்திரிகையின் முதற்கடமையாகும். எனினும், நன்கு பண்படுத்திய நிலமே கையைவிட்டுப் போகுமாயின் எருவும் விதையும் என்ன பயன் தரும்? ஆதலின், முன்னோர் முக்தியார்நாமா என்றும், இக்காலத்தார் பவர் பத்திரம் என்றும் வழங்கும் அதிகாரப் பத்திரத்தைக் குறித்துக் குடியானவர்கள் அறியவேண்டுவனவற்றை ஈண்டுச் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஒருவர் தமக்குப் பதிலாக மற்றொருவர் காரியம் செய்யும்படி எழுதிக் கொடுப்பதே இப்பத்திரம். இதற்கென 1882ஆம் வருஷத்திய சட்டம் ஒன்று உண்டு. எல்லாக் காரியங்களுக்கும் கொடுப்பது பொது அதிகாரம். குறித்த ஒரு காரியத்துக்கு மட்டும் கொடுப்பது தனி அதிகாரம். இரண்டிலும் முகவர் சொந்தக்காரரின் கை போன்றவரேயன்றிச் சொந்தக்காரர் ஆகார். 1872ஆம் வருஷத்திய ஒப்பந்தச் சட்டப்படி, கொடுத்தவர் இறந்தாலும் சித்தசுவாதீனம் இழந்தாலும் அதிகாரம் முடிந்துவிடும். அச்சொத்தில் முகவருக்கே உரிமை சம்பந்தம் இருப்பின் மாத்திரம் விலக்கு உண்டு.

பழைய வழக்கம் யாதெனில், முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்கக் கருதிக் கிரயப் பத்திரம் எழுதாது, முழுத்தொகையும் கொடுத்து, ஒரு பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் பெற்றுக்கொள்வதாம். அக்காலத்தில் அதனைப் பதிவு செய்தல் கட்டாயமும் அன்று.

இதனால் நேர்ந்த துன்பத்தை நானே கண்டேன். என் வட்டத்தில் ஒரு குடியானவர் அறுபது சென்ட் நஞ்சையை இவ்வாறே வாங்கிக் கிணறு வெட்டிப் பல வருஷங்கள் பயிரிட்டு வந்தார். சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்கு மனு எழுத என்னிடம் வந்தபோது, பட்டா பழைய சொந்தக்காரர் பேரிலேயே இருக்கக் கண்டேன். அவரோ முந்திய வருஷமே இறந்துவிட்டார். "முழுப்பணமும் கொடுத்தேனே, ஐயா" என்று அவர் சொன்னபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை. முடிவில் மனைவியின் நகைகளை அடகு வைத்து, வாரிசுகள் கேட்ட மேல்தொகையையும் கொடுத்தே கிரயம் பெற்றார்.

புதிய நிலைமை பின்வருமாறு. 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், பொது அதிகாரப் பத்திரத்தின் வழியாக மட்டும் நிலத்தின் உரிமை மாறாதென்றும், பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமையை மாற்றுமென்றும் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால், இந்நாட்டில் எழுதப்படும் நிலம்பற்றிய அதிகாரப் பத்திரங்களைப் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. முகவர் கிரயம் எழுதித் தரும்போது, அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்றும் வேண்டும்.

ஆகையால் குடியானவர்கள் கவனிக்கவேண்டுவன:

1. முகவரிடம் நிலம் வாங்குவோர், சொந்தக்காரர் உயிருடன் இருக்கையிலேயே கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, பட்டாவையும் மாற்றிக்கொள்க.

2. அதிகாரம் கொடுப்போர் தனி அதிகாரமே கொடுத்தல் நலம். சர்வே எண், விஸ்தீரணம், செய்யவேண்டிய காரியம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுக. குத்தகை வசூலிக்க வேண்டியவனுக்கு விற்கும் அதிகாரம் எதற்கு?

3. வெளிநாட்டில் இருப்போர் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி அல்லது நோட்டரி முன்னிலையில் கையொப்பமிடலாம். பத்திரம் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

4. அதிகாரத்தை நீக்க விரும்புவோர் ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்வதோடு நில்லாது, முகவருக்கும் அவருடன் வியவகாரம் செய்வோருக்கும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அறியாதவர் விஷயத்தில் ரத்து செல்லுபடியாகாது.

5. எழுதப் படிக்கத் தெரியாதோர், நம்பத்தக்க ஒருவரைக்கொண்டு முழுவதையும் படிக்கச் செய்து கேட்டபின்னரே கைநாட்டு வைக்க.

விதையை வாங்குமுன் முளைப்புத் திறனைச் சோதிக்கின்றோம். பத்திரத்தையும் அவ்வாறே சோதித்துக் கொள்வோமாயின் பின்னர் வருந்த நேரிடாது.