பதமும் கோடும்

ரோல்ஸ்ராய்ஸ் காரின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோட்டை ஸ்டிக்கர் என்று நினைப்பவர்கள் உண்டு. மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் கோடு ஆறு மீட்டர் வரை நீளும். இங்கிலாந்தின் குட்வுட் ஆலையில் மார்க் கோர்ட் என்ற ஓவியர் அதை அணில்முடித் தூரிகையால் இழுத்துப் பேர் பெற்றவர். ஒரு காருக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடிக்கும். இந்த வேலைக்கு வருமுன் அவர் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தார்.

'பின்ஸ்ட்ரைப்' எனப்படும் இந்தக் கோட்டுவேலை காரைவிட மூத்தது. குதிரை வண்டிகளின் சக்கர ஆரங்களிலும் பெட்டி விளிம்புகளிலும் கோடு இழுத்தவர்கள்தான் முதல் கார்களுக்கும் இழுத்தார்கள். 1950களில் கலிஃபோர்னியாவில் அது புது உருவம் எடுத்தது. 'வான் டச்' என்று அறியப்பட்ட கென்னத் ஹோவர்ட் (1929-1992), பெயர்ப்பலகை ஓவியரின் மகன். விளிம்போடு அடங்கிக் கிடந்த கோட்டை அவர் பானட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தார். இடமும் வலமும் ஒன்றையொன்று பிரதிபலிக்கும் வளைவுகள், கூர்முனைகள், பின்னல்கள் என அது விரிந்தது. டீன் ஜெஃப்ரீஸ், எட் ராத் போன்றோர் அந்த அலையில் எழுந்தவர்கள்.

கற்றுக்கொள்ள வருகிறவருக்கு முதல் அச்சம் கைநடுக்கம். அந்த அச்சத்தைத் தூரிகையே போக்கிவிடுகிறது. விரலளவுக் கைப்பிடி, நீளமான, வாள்போல ஒருபக்கமாகச் சரிந்த முடிக்கற்றை. 1891இல் தொடங்கிய அமெரிக்காவின் ஆண்ட்ரூ மேக் நிறுவனத்தின் தூரிகைகள் இத்தொழிலில் பிரசித்தம். அந்த நீண்ட முடி பரப்பின்மேல் படுத்தபடி பின்னால் இழுபட்டு வருவதால், விரலின் சிறு அதிர்வு நுனிவரை போய்ச் சேர்வதில்லை. நிறைய பெயின்ட்டையும் அது தாங்கும்.

உண்மையான சிரமம் பெயின்ட்டின் பதத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் கையாள்வது '1 ஷாட்' என்னும் எனாமல். தூரிகையை அதில் தோய்த்து, பழைய வாரப்பத்திரிகையின் வழவழப்பான தாளில் முன்னும் பின்னுமாக நீவவேண்டும். தேவைப்பட்டால் டர்பன்டைனில் நுனியைத் தொட்டுக்கொள்ளலாம். கெட்டியாக இருந்தால் கோடு பாதியில் அறுந்துபோகும். நீர்த்துவிட்டால் ஓரம் கசியும். தாளைவிட்டு வருகையில் தூரிகை லேசாகப் பிடித்திழுத்தால் பதம் சரி. பாகுக்குக் கம்பிப்பதம் பார்ப்பதுபோல, இதையும் விரல்தான் சொல்லவேண்டும். புதியவர்களின் முதல் வாரங்களெல்லாம் இதற்கே போகட்டும், அது வீணல்ல.

பிறகு இழுத்துப் பழக ஒரு கண்ணாடிப் பலகை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தூரிகை. மற்ற விரல்கள் பரப்பின்மேல் ஊன்றி வழிநடத்தும். மணிக்கட்டு அசையாது, தோளும் உடலுமே நகரும். கண், நுனியைப் பார்க்காமல் கோடு போய்ச்சேர வேண்டிய இடத்தைப் பார்க்கும். வளைவு வந்தால் தூரிகையை விரலிடுக்கில் மெல்ல உருட்டவேண்டும். கோலத்தில் கம்பி இழுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஓட்டம் புரியும்: தயங்கி நிற்கும் இடத்தில்தான் கோடு தடிக்கிறது.

காரில் இழுப்பதற்குமுன் மெழுகும் எண்ணெய்ப்பிசுக்கும் போகத் துடைப்பது கட்டாயம். இல்லையென்றால் பெயின்ட் ஒட்டாமல் குழிகுழியாக விலகும். நன்கு காய்ந்து இறுகிய வண்ணத்தின்மேல் கோடு பிசகினால், ஈரம் காயுமுன் துணியால் வழித்துவிட்டு மறுபடி இழுக்கலாம். கற்பவருக்கு இதைவிட வேறென்ன கருணை வேண்டும்!

இந்தக் கலைக்குச் சென்னையிலும் ஒரு வீடு உண்டு. ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் பெட்ரோல் டேங்க்கில் மின்னும் பொன்னிறக் கோடுகளைக் கையால் இழுத்துப் புகழ்பெற்றவர்கள் ஜெயகுமார், கிஷோர் குமார் என்ற சகோதரர்கள். டேங்க்கின் இருபுறமும் சமமாக வரவேண்டிய வளைவை, ஒட்டுநாடா வழிகாட்டாமல், ஒரே இழுப்பில் கொண்டுபோகிறார்கள். 'மெட்ராஸ் ஸ்ட்ரைப்ஸ்' என்று அதற்குப் பேரே விழுந்துவிட்டது.

வேலை முடிந்தபின் தூரிகையைக் கரைப்பானில் அலசி, அடிமுடியில் தங்கிய பெயின்ட்டையும் பிதுக்கி எடுக்கவேண்டும். பிறகு இன்ஜின் ஆயில் தடவி, வாள் வடிவம் கெடாமல் நீவி, தட்டையான பெட்டியில் படுக்கவைப்பார்கள். மறுநாள் அந்த எண்ணெயை முழுதும் கழுவிய பிறகே பெயின்ட் டப்பாவைத் திறப்பார்கள்.