கல்லும் அடைப்பும்

‘கல்லடைப்பு’ என்னும் நோய்ப்பெயர் இரு சொற்களாலாயது. சுசுருத சங்கிதை இந்நோயை அச்மரி என்று கூறும். கல் என்பதே அதன் அடிப்பொருள். அடைப்பினையும் உடன்சேர்த்து வழங்கியது தமிழ்ச் சித்த வைத்திய மரபு. ஆயினும், அப்பெயரை நாள்தோறும் வழங்கும் நாம் முன்னைய சொல்லைப் பற்றிக்கொண்டு பின்னையதை மறந்துவிட்டோம். கல் எவ்வளவு பெரிது, கரைந்ததா, விழுந்ததா என்று வினவுகின்றோம். நீர்வழி அடைபட்டதா, அடைபட்ட நீரிற் கிருமி புகுந்ததா என்று வினவுவோர் அரியர். உயிருக்கு ஊறு விளைப்பது பெரும்பாலும் இப்பின்னையதே. இதனை யான் நூலிற் கற்குமுன் ஒரு லயத்து வாசலிற் கற்க நேர்ந்தது. அதனைக் கூறுமுன் நோயின் இயல்பைச் சிறிது நோக்குவாம்.

சிறுநீரகத்தினின்று சிறுநீர்ப்பைக்கு நீர் கொணரும் குழாய் சிறுநீர்க்கான் எனப்படும். அதன் நீளம் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர்; உள்விட்டம் 3 அல்லது 4 மில்லிமீற்றரே. இத்துணைச் சிறிய வழியிலும் மூன்றிடங்கள் மேலும் ஒடுங்கியவை: சிறுநீரகத்தை விட்டு நீங்குமிடம், இடுப்பெலும்பின் விளிம்பிற் பெரிய இரத்தக் குழாய்களைக் கடக்குமிடம், சிறுநீர்ப்பையினுட் புகுமிடம். சிறுநீரகத்திற் பல்லாண்டு கிடந்தும் துன்பஞ் செய்யாத கல், ஒருநாள் பெயர்ந்து இவற்றுள் ஒன்றிற் சிக்கும்போது நோவு எழுகின்றது. கல்லின் கூர்முனை கீறுவதாலேயே வலி உண்டாகின்றதெனப் பலர் கருதுவர். மேலே தேங்கிய நீர் சிறுநீரகத்தை விரியச் செய்தலும், கல்லைத் தள்ள முயன்று குழாய் இறுகுதலுமே முதற் காரணங்கள். ஆதலின் வலி அலையலையாக வருகின்றது. விலாவின் பின்புறத்தே தோன்றி அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் இறங்குகின்றது. நோயாளி ஓரிடத்தில் இரார். எழுவார், நடப்பார், புரளுவார். குடல்வால் வெடித்து வயிற்றறை அழன்றவரோ, அசைந்தால் வலி மிகுமென அஞ்சி மரம்போற் கிடப்பர். இவ்வேறுபாட்டை மருத்துவம் கல்லாதவருங் கண்ணாற் காணலாம். 5 மில்லிமீற்றருக்கு உட்பட்ட கற்களிற் பெரும்பாலானவை தாமே வெளியேறிவிடும். 10 மில்லிமீற்றரைக் கடந்தவை அவ்வாறு வெளியேறுதல் அரிது.

(இத்தகைய பொருள்களைத் தமிழிற் கூறவொண்ணாது என்பார் இன்றும் உளர். அவர்க்கு மானிப்பாயிலே தமிழில் மருத்துவங் கற்பித்து, மேனாட்டு மருத்துவ நூல்களையும் தமிழாக்கிய கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே விடை கூறிவிட்டார்.)

2014ஆம் ஆண்டு மார்கழி மாதம். ஹற்றனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மையார்க்கு இடப்புற விலாவில் நோவு கண்டது. அவர் மகன் என் வகுப்பு மாணவன். பகல் முழுதும் புரண்டார், வாந்தியெடுத்தார். கல்லாக இருக்கலாமென வலிமருந்து கொடுத்து, வைத்தியசாலை சென்று ஸ்கான் எடுக்குமாறு கூறியனுப்பினர். மறுநாட் காலை நோவு அடங்கிற்று. “கல்லு எறங்கிருச்சுங்க மாஸ்டர், இப்ப நோவே இல்லீங்க” என்று அவரே என்னிடம் கூறினார். யானும் மகிழ்ந்தேன். ஸ்கான் எடுப்பது மறக்கப்பட்டது. அன்று மாலை ஆறு மணியளவில் அவருடல் நடுங்கலாயிற்று. மார்கழிப் பனியில் யார்தான் நடுங்கார்? இரண்டு கம்பளிகளாற் போர்த்து அருகில் நெருப்பு மூட்டினர். கணவர் என்னை நாடி வந்தார். “மாஸ்டர், ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுதுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிறலாங்களா?” என்றார். தோட்டத்திற் படித்தவன் என்று பெயரெடுத்த யான் கூறிய விடை இது: “இந்தப் பனியில எங்க கொண்டுபோறது? பார்லி காய்ச்சிக் குடுங்க. விடியட்டும்.”

நள்ளிரவில் அவர் பேச்சுத் தடுமாறிற்று. மூச்சு விரைந்தது, கைகள் குளிர்ந்தன. கம்பளியிற் கிடத்தி நால்வர் பெருந்தெரு வரை சுமந்து வந்தோம். லொறியில் வைத்தியசாலையை அடைந்தபோது மணி ஒன்று. வைத்தியர் முதலிற் கேட்டது வலியைப் பற்றியன்று. நடுக்கம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதே. ஏழு மணித்தியாலம் என் சொல்லாற் கழிந்தமையை அவரிடம் கூற எனக்கு நா எழவில்லை. கணவரே ஆறு மணி என்றார். அவ்விரவே பெரிய வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டு, முதுகின் வழியாகச் சிறுநீரகத்துட் குழாயொன்று செலுத்தப்பட்டது. வெளிவந்தது நீரன்று, சீழ். கல்லை அன்று எவரும் தொடவில்லை. 7 மில்லிமீற்றர் அளவேயான அக்கல் இரு திங்களின் பின்னரே அகற்றப்பட்டது. அவர் பிழைத்தார்.

வலி அடங்கிய பின்னர் இவ்வாறு நேர்ந்தது எங்ஙனம்? அடைப்பு நீடிக்குமாயின், அச்சிறுநீரகம் நீர் வடிப்பதைத் தானே குறைத்துக்கொள்ளும், அழுத்தந் தணியும், வலியுந் தணியும். கல்லோ இருந்தவிடத்திலேயே இருக்கும். எனவே வலி நீங்குதல் கல் நீங்கியதற்குச் சான்றாகாது. அடைப்பு மட்டும் வாரக்கணக்கில் நீடிப்பினும் சிறுநீரகம் மீளாதவாறு கெடும். தேங்கிய நீரிற் கிருமி பெருகுமாயின் வாரங்கள் வேண்டா. சில மணித்தியாலங்களே போதும். அழுத்தத்தினாற் கிருமி குருதியுட் புகும். அடைபட்ட சிறுநீரகத்தினுள்ளே நுண்ணுயிர்கொல்லி மருந்தும் போதியவளவு சென்று சேராது. வழி திறத்தலே முதல் மருந்து. முதுகின் வழியாகக் குழாய் செலுத்தியோ, சிறுநீர்ப்பையின் வழியாக மென்குழாயொன்றைக் கல்லைக் கடந்து ஏற்றியோ இது செய்யப்படும்.

பிரான்சியச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனுடைய முடிவும் இதற்கொரு சான்று. 1870இற் செடான் போரிலே தோற்றபோதே அவர் சிறுநீர்ப்பைக் கல்லால் வருந்தினார். பின் இங்கிலாந்திலே சேர் ஹென்றி தொம்சன் என்னும் புகழ்பெற்ற அறுவை வைத்தியர் 1873 சனவரியில் இருமுறை கல்லை நொறுக்கினார். மூன்றாம் முறைக்கு முன், 9ஆந் தேதி அவர் உயிர் நீத்தார். உடலை ஆய்ந்தபோது, நெடுங்கால அடைப்பினாலுங் கிருமியினாலும் சிறுநீரகங்கள் கெட்டிருந்தமை புலனாயிற்று. தேர்ந்த கைகள் கல்லை நாடிச் சென்றன. கேடு அதற்கும் மேலே இருந்தது.

ஆகவே, விலாநோவுடையார்க்கு உடல்வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டினாலோ, நடுக்கம் கண்டாலோ, அப்பொழுதே வைத்தியசாலைக்குப் புறப்படல் வேண்டும், விடியலுக்குக் காத்திருத்தலாகாது. முதியோர்க்கும் நீரிழிவுடையார்க்கும் காய்ச்சல் தோன்றாமலே கிருமி பரவக்கூடும். மயக்கமும் தடுமாற்றமும் விரைந்த மூச்சுமே அவர்பால் அறிகுறிகள். வலிமருந்துகள் காய்ச்சலையுந் தணிக்குமாதலின், மருந்துண்டவர் உடல் குளிர்ந்திருப்பதைக் கண்டு ஏமாறுதலுங் கூடாது. சிறுநீர் அறவே நின்றுவிடுதல் அடுத்த அபாயம். ஒரே சிறுநீரகம் உடையவர்க்கு அதன் வழி அடைபடின் வேறு வழியில்லை. வாந்தியால் நீரும் மருந்தும் உள்ளே தங்காதவர், மருந்துக்கும் அடங்காத வலியுடையவர், கருவுற்ற மகளிர், சிறுவர் ஆகியோரும் தாமதிக்கத் தகாதவர். சிறுநீர் சற்றே சிவத்தல் மட்டும் இந்நோயில் இயல்பு. கட்டிகட்டியாகக் குருதி வருதல் வேறு.

கல்லென்று எண்ணியது கல்லல்லாதிருத்தலும் உண்டு. அறுபது கடந்தவர்க்கு முதன்முறையாக விலாநோவும் மயக்கமும் வரின், வயிற்றுப் பெருநாடி வீங்கிக் கசிதலாக இருக்கலாம். மாதவிலக்குத் தள்ளிய பெண்ணின் அடிவயிற்று நோவு கருப்பைக்குப் புறத்தே கருத்தரித்தமையால் நேர்ந்திருக்கலாம். இளைஞனொருவன் விதையில் வலியென்பானாயின் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணித்தியாலத்துள் அவிழ்க்காவிடின் இழக்க நேரும். மாணவர் நாணத்தால் இதனை மறைப்பதை ஆசிரியர் அறிவர்.

மலைநாட்டில் நடுக்கத்தை நாம் எளிதாகப் புறக்கணிப்பதற்குக் காரணம் குளிர். நடுங்கினாற் கம்பளி என்பது நமக்குப் பழகிய வழக்கம். குளிர்காய்ச்சலென்று பழையோர் அஞ்சிய மலேரியாவோ இலங்கையிலே ஒழிந்துவிட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆதலின் நடுக்கத்துடன் கூடிய காய்ச்சலுக்கு இன்று வேறு காரணந் தேடவேண்டும். விலாநோவும் உடனிருப்பின் தேடவேண்டிய இடம் சிறுநீரகம். குளிரில் வியர்வை அரும்பாமையால் நீர்வேட்கையுந் தோன்றுவதில்லை. பெண்கள் நீர் அருந்தாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. காலை பிரட்டு முதல் மாலை கொழுந்து நிறுக்கும்வரை மலையில் நிற்பவர்க்கு ஒதுங்க இடமில்லையாயின், நீரைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதுமன்றி வேறென் செய்வர்? முன்னையது கல்லுக்கும் பின்னையது கிருமிக்கும் இடமளிக்கும். இதனை அவர்தம் அறியாமை என்று உரைப்பது நேர்மையன்று. தேநீர் கல்லுண்டாக்குமா என்று மாணவர் கேட்பதுண்டு. கற்களுட் பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்றால் ஆனவை. சாயத்தண்ணீரில் ஒட்சலேற்று உண்டென்பதும் மெய்யே. நாள்தோறும் பதினாறு கோப்பை தேநீர் பருகிச் சிறுநீரகம் செயலிழந்த அமெரிக்கர் ஒருவரைப் பற்றி 2015இல் மருத்துவ இதழொன்று எழுதிற்று. நம்மவர் பருகும் மூன்று நான்கு கோப்பைக்கு அவ்வச்சம் வேண்டா.

வலியுள்ளபோது குடங்குடமாக நீர் பருகுவித்துக் கல்லைத் தள்ளலாமென்பதும் தவறு. அடைபட்ட குழாய்க்கு மேலே மேலும் நீரைச் சேர்ப்பது வலியையே பெருக்கும். யான் சொன்ன பார்லியும் அத்தன்மைத்தே. 2016இல் மேல், தென் மாகாணங்களிலே தொடங்கிய ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை பின்னர் எல்லா மாகாணங்களுக்கும் விரிந்தது. 1990 என்னும் எண்ணுக்குக் கட்டணமில்லை. டிக்கோயா வைத்தியசாலையின் புதிய கட்டடமும் இந்திய உதவியுடன் 2017இல் திறக்கப்பட்டது. 2014இல் எமக்கு லொறியே கிடைத்தது. இன்று அந்நிலை இல்லை. நோவு தொடங்கிய நேரம், நடுக்கம் கண்ட நேரம், இறுதியாகச் சிறுநீர் கழித்த நேரம், உட்கொண்ட மருந்து ஆகியவற்றைத் தாளிற் குறித்துக்கொண்டு செல்க. வண்டி வராத லயமாயின், நோயாளியைத் தெருவுக்குச் சுமக்குமுன்னரே ஒருவரை அனுப்பி 1990ஐ அழைக்கச் செய்க. எந்தத் திருப்பத்தில் நின்றால் தொலைபேசி பேசும் என்பதை லயத்துச் சிறுவர் நம்மினும் நன்கறிவர்.