சூரிய சக்தி நீர்ப்பம்பியைப் பேணும் முறை

திருகோணமலை மாவட்டத்தில் சிறுபோகக் காலத்திலே கிணற்று நீரை நம்பி மிளகாய், கத்தரி, வெண்டி, சின்ன வெங்காயம் முதலியவற்றைச் செய்கை பண்ணும் கமக்காரருக்கு நீர் இறைக்கும் செலவு பெருஞ் செலவாகும். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருட் பஞ்சம் ஏற்பட்டபோது, பெரும் எண்ணெய்க் குதங்களைக் கொண்ட சீனன்குடாவின் அயலில் வாழும் கமக்காரரும் அத்துன்பத்துக்கு விலக்காகவில்லை. சூரிய ஒளியால் இயங்கும் பம்பிக்கு எரிபொருட் செலவு இல்லை என்பது உண்மையே. ஆனால், பொருத்திவிட்டால் பின்னர் பார்க்க வேண்டியதில்லை என எண்ணுவது தவறாகும்.

மண்ணெண்ணெய் இயந்திரம் பழுதாகும்போது அதன் சத்தம் மாறும், புகை கக்கும், ஈற்றில் நின்றுவிடும். சூரியப் பம்பியோ ஓசையின்றிச் சிறிது சிறிதாகத் தளரும். கடைசிப் பாத்திக்கு நீர் எட்டாமற் போனபின்னரே பலர் அதனை உணர்கின்றனர். பூக்கும் பருவத்தில் மிளகாய்ச் செடிக்கு நீர் குறைந்தால் பூ உதிரும். அதன்பின் எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் உதிர்ந்த பூ காயாக மாட்டாது.

ஆகவே, பம்பியின் வலுவை அளந்து அறிதல் வேண்டும். அதற்கு 200 லீற்றர் கொள்ளும் பீப்பாவொன்றும் மணிக்கூடும் போதும். மாதம் ஒருமுறை, முகிலற்ற நாளொன்றில், நண்பகல் 12 மணியளவில் பீப்பா நிரம்பச் செல்லும் நேரத்தைக் குறித்துக்கொள்க. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கிணற்று நீர்மட்டத்தின் ஆழத்தையும் உடன் எழுதிவைக்க வேண்டும். புதிதாகப் பொருத்தியபோது 4 நிமிடத்தில் நிரம்பிய பீப்பா இப்போது 5 நிமிடம் எடுப்பின், ஐந்தில் ஒரு பங்கு நீர் குறைந்துவிட்டது என்பது பொருள். நீர்மட்டமும் கீழே இறங்கியிருந்தால் குறை பெரும்பாலும் கிணற்றினதே. ஆவணியில் இது வழக்கம். மட்டம் மாறாதிருப்பின், உறிஞ்சு குழாயின் சல்லடையையும் புட்வால்வையும் முதலிற் பார்த்து, அவை சுத்தமாக இருந்தால் சூரியத் தகடுகளைப் பார்க்க வேண்டும்.

தகடுகளின் முதற் பகை நிழலாகும். தகட்டினுள்ளே இருக்கும் சிறு கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளன. வாய்க்காலில் ஓரிடம் தூர்ந்தால் அதற்கப்பால் உள்ள வயல் முழுவதும் நீர் குறைவதுபோல, ஒரு கலத்தின்மேல் நிழல் விழுந்தாலும் அதனோடு தொடுத்த கலங்களின் பயனும் குன்றும். நிழல் விழுந்த கலம் சூடேறிக் கருகுவதும் உண்டு. காக்கை எச்சத்தை அற்பமென விட்டுவிடக் கூடாது. மரங்களைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்பகுதியில் சூரியன் சித்திரைப் பிறப்பையொட்டி உச்சிக்கு நேரே வந்து, பின்னர் ஆவணி நடுப்பகுதி வரை வடபுறமாகவே செல்லும். தையில் நிழல் தராத வடகிழக்கு முருங்கையும் வடமேற்குத் தென்னையும், நீர் மிகத் தேவைப்படும் ஆனி, ஆடி மாதங்களில் காலையிலும் மாலையிலும் தகட்டை மறைக்கும். சிறுபோகம் தொடங்குமுன் கிளைகளைத் தறித்துவிடுவது நன்று.

கச்சான் காற்றுக் காலத்தில் தகடுகளிற் புழுதி படியும். இதனை விடியற்காலையிலேயே கழுவ வேண்டும். வெயிலிற் சூடேறிய கண்ணாடிமேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கலாம். மெல்லிய துணியே போதும். மணல், தும்பு, சாம்பல் ஆகியன கண்ணாடியைக் கீறும். கடலோரக் கிணற்று நீர் உவராயின், காய்ந்தபின் வெண்படலம் விடும். சேமித்த மழைநீரால் இறுதியாக அலசுதல் நலம். தகட்டின்மேல் ஏறி மிதிக்கவே கூடாது. கண்ணாடி முழுதாகத் தோன்றினும் உள்ளே கலம் பிளந்துவிடும்.

குடாவை அண்டிய இடங்களில் உப்புக் காற்றும் பெருந் தொல்லை தரும். சட்டகத்தில் சாதாரண இரும்பு போல்ற்றுகள் இருந்தால் துருப்பிடியா உருக்கினாலானவற்றை மாற்றிப் பூட்டுக. கட்டுப்பாட்டுப் பெட்டியின் துவாரங்களை நன்கு அடைக்காவிடின் எறும்பும் பல்லியும் குடிபுகும். எலி கடிக்காதபடி கம்பிகளைக் குழாயினுள் செலுத்த வேண்டும். புவித்தொடுப்புக் கம்பி அறுந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்க.

இங்கு உயிராபத்தும் உண்டு. ஒரு தகடு ஏறக்குறைய 40 வோல்ற்று தரும். எட்டுத் தகடுகள் தொடராக இணைந்தால் 300 வோல்ற்றைத் தாண்டும். சுவிச்சை நிறுத்தினாலும், வெயில் உள்ளவரை தகட்டிலிருந்து சுவிச்சு வரையுள்ள கம்பியில் மின்சாரம் இருக்கும். பம்பி ஓடும்போது இணைப்பைப் பிடுங்கினால் தீப்பொறி நீண்டு எரியும். ஆகையால் கமக்காரர் கண்ணாற் பார்த்தலும் கழுவுதலும் அளத்தலும் செய்யலாம். கம்பியைக் கழற்றும் வேலையைப் பயிற்சி பெற்ற மின்வினைஞரிடமே விடுதல் வேண்டும். பெட்டியிலோ இணைப்பிலோ கருகல் மணம் வந்தால் உடனே பிரதான சுவிச்சை நிறுத்தி அவரை அழைக்க வேண்டும்.

1964ஆம் ஆண்டு மார்கழிப் புயல் திருகோணமலையைத் தாக்கியது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. எனவே வாடைக்காற்று வீசத் தொடங்குமுன், ஐப்பசியிலேயே, சட்டகத்தின் கால்களையும் போல்ற்றுகளையும் இறுக்கிச் சரிபார்க்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய பெட்டியைக் காய்ந்துவிட்டதெனக் கருதி இயக்கலாகாது. அதனைத் திறந்து சோதித்த பின்னரே இயக்க வேண்டும்.

பெரும்போகத்தில் மழை பெய்வதால் மேட்டுநிலத் தோட்டத்தில் பம்பிக்கு வேலை குறைவு. மாதக்கணக்கில் ஓடாதிருந்தால் பம்பியின் சுழலி இறுகிப்போகும். ஆதலின் வாரம் ஒருமுறை பத்து நிமிடமாவது, கிணற்றில் நீர் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, இயக்கி நிறுத்துக.