கம்பெனிகள் கொடுத்த கடிதம் எங்கே என்று கேளுங்கள்

போன மாதம் ஓர் இளைஞர் கையில் பழுப்பு உறையோடு வந்தார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு அவர் அனுப்பிய ஆர்.டி.ஐ. மனு, அதாவது தகவல் பெறும் உரிமைச் சட்டப்படியான மனு, திரும்பி வந்திருந்தது. மனுவின் மேல் ஓரத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியிருந்தார். அதன் பக்கத்தில், கட்டணம் முறைப்படி செலுத்தப்படவில்லை என்று சிவப்பு மையில் ஒரு வரி. கீழே அவர் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி: "பெரிய இணைய கம்பெனிகளுக்குச் சாதகமாக ஏன் விதிகளை மாற்றினீர்கள்?"

ஸ்டாம்பும் தவறு, "ஏன்" என்று கேட்டதும் தவறு. இந்த இரண்டு தவறுகளையும் நான் வருடக்கணக்காகப் பார்க்கிறேன். கோபம் நியாயமானதாக இருக்கும்; கேட்ட இடமும் கேட்ட விதமும் பிசகியிருக்கும். அந்தப் பக்கம் கம்பெனிகள் ஒரு நாளையும் வீணாக்குவதில்லை. வரைவு வெளிவந்த அன்றே அதை வரிவரியாகப் படிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள்.

தொழில்நுட்ப கம்பெனிகள் சட்டம் இயற்றுகிறவர்களிடம் பேசவே கூடாது என்பது என் கட்சியல்ல. தகவல் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் விவரம் தெரிவிக்க வேண்டும் என்று விதி போட்டால், அது நடைமுறையில் முடியுமா என்பது சர்வரை நடத்துகிறவருக்குத்தான் தெரியும். அதை அவர் சொல்லட்டும். ஆனால் எழுத்தில் சொல்லட்டும். அந்த எழுத்து, சட்டத்தால் பாதிக்கப்படப்போகும் எனக்கும் உங்களுக்கும் தெரியட்டும். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்தியாவில் லாபி செய்வதைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டமே கிடையாது. அமெரிக்காவில் 1995-ல் வந்த சட்டப்படி, யார் எந்தெந்த மசோதாக்களுக்காக லாபி செய்தார்கள், மொத்தம் எவ்வளவு செலவழித்தார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். அதனால்தான் மெட்டா 2024-ல் வாஷிங்டனில் இரண்டு கோடி டாலருக்கு மேல் செலவழித்தது என்று நமக்குத் தெரிகிறது. டெல்லியில் எவ்வளவு செலவழித்தது என்பதைச் சொல்ல ஒரு பதிவேடும் இல்லை. 2012-ல் வால்மார்ட் லாபிக்குச் செலவழித்த விவகாரம் நம் நாடாளுமன்றத்தை உலுக்கியதே, அந்தத் தகவலும் அமெரிக்காவில் அவர்கள் தாக்கல் செய்த கணக்கிலிருந்து வந்ததுதான்.

சட்டம் இல்லை என்பதற்காக வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2015 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். சில இணையதளங்களை மட்டும் இலவசமாகக் கொடுக்கும் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை ஃபேஸ்புக் கொண்டுவந்திருந்த நேரம். இணையதளத்துக்குத் தகுந்தபடி டேட்டா கட்டணத்தை மாற்றி வாங்கலாமா என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நான்கு கேள்விகள் கேட்டு மக்களின் கருத்தைக் கோரியது. ஃபேஸ்புக் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. பயனாளிகளின் திரையில் ஒரு பொத்தானையும் வைத்தது. பொத்தானை அழுத்தினால், ஏற்கெனவே எழுதி வைத்த ஆதரவுக் கடிதம் உங்கள் பெயரில் டிராய்க்குப் போய்விடும். 18 லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் அப்படி வந்து குவிந்தன. கேட்ட நான்கு கேள்விகளுக்கு அந்தக் கடிதங்களில் பதில் இல்லை. இது கருத்துக் கேட்பா, ஆள் சேர்க்கும் வாக்கெடுப்பா என்ற தொனியில் டிராய் கடிந்துகொண்டு கடிதம் எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று பாரபட்சக் கட்டணத்தைத் தடை செய்து ஒழுங்குமுறையும் வெளியிட்டது. மூன்றே நாளில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவிலிருந்து மூட்டை கட்டியது.

எண்ணிக்கையில் கம்பெனி பக்கமே அதிகம். ஆனால் கேள்விகளுக்கு நேராகப் பதில் எழுதியவர்கள் பக்கம்தான் முடிவு வந்தது. இன்றும் வாட்ஸ்அப்பில், இந்தக் கடிதத்தை அப்படியே அனுப்புங்கள் என்று யாராவது அனுப்பினால், கம்பெனிக்கு எதிரானதாகவே இருந்தாலும், அப்படியே அனுப்பாதீர்கள். நகலெடுத்த ஆயிரம் கடிதங்களை ஓர் அதிகாரி ஒரே கடிதமாக எண்ணி ஒதுக்கிவிடலாம். உங்கள் வீட்டில், உங்கள் கடையில், உங்கள் பிள்ளையின் ஃபோனில் அந்த விதி என்ன செய்யும் என்று நாலு வரி எழுதினால் அதை ஒதுக்குவது கடினம்.

டிராய் நல்ல பள்ளிக்கூடம். வந்த கருத்துகளை, கம்பெனி பெயரோடு, தன் தளத்தில் போடுகிறது. அதற்கு மறுகருத்து எழுதவும் அவகாசம் தருகிறது. ஒரு கம்பெனி என்ன கேட்டது என்று படித்துவிட்டு, அது ஏன் தவறு என்று நாம் எழுதலாம். ஆனால் ஒரு கவனம் வேண்டும். 2015 ஏப்ரலில் இன்னொரு கருத்துக் கேட்பின்போது வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை, அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆகவே கருத்து எழுதும்போது வீட்டு முகவரி, ஃபோன் நம்பர், ஆதார் எண் எதையும் கடிதத்தின் உள்ளே எழுதாதீர்கள். கேட்டால் ஒழியக் கொடுக்காதீர்கள்.

மற்ற அமைச்சகங்களில் நிலைமை வேறு. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2022 நவம்பரில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவை வெளியிட்டபோதே, வரும் கருத்துகளை வெளியிட மாட்டோம், நம்பிக்கையின் பேரில் வைத்திருப்போம் என்று அறிவித்தது. 2025 ஜனவரியில் விதிகளின் வரைவு வந்தபோதும் அதே வாசகம். யார் சொன்னார்கள் என்று குறிப்பிடாமல் ஒரு சுருக்கம் மட்டும் பிறகு வரும் என்றார்கள். நூறு கோடிப் பேரின் அந்தரங்கத்தை நிர்ணயிக்கும் விதியில் எந்த கம்பெனி எந்த வரியை மாற்றச் சொன்னது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? தயக்கமில்லாமல் கருத்துச் சொல்லத்தான் என்கிறார்கள். சாதாரணக் குடிமகனுக்கு அந்தப் பாதுகாப்புக் கொடுங்கள். பல்லாயிரம் கோடி கம்பெனிக்கு என்ன தயக்கம்?

இன்னும் மோசம் 2024 ஜூலையில் நடந்தது. ஒளிபரப்புச் சேவை மசோதாவின் திருத்திய வரைவு, தேர்ந்தெடுத்த சில தரப்புக்கு மட்டும் ரகசியமாகக் கொடுக்கப்பட்டது. யார் பிரதி கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பிரதியிலும் தனித்தனி வாட்டர்மார்க். யூடியூபில் சேனல் வைத்திருக்கும் நம் ஊர்ப் பையனையும் தொடக்கூடிய சட்டம் என்று பேச்சு எழுந்தது. அவன் கண்ணில் அந்தக் காகிதம் படவே இல்லை. எதிர்ப்பு வந்த பிறகு ஆகஸ்டில் பிரதிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

இப்படி நடக்கக் கூடாது என்று அரசே எழுதி வைத்திருக்கிறது. 2014-ல் வந்த "சட்டத்துக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை"யின்படி, எந்த மசோதா வரைவையும் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வையில் வைக்க வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும். இது சட்டமல்ல, கொள்கை; அதனால் அதிகாரிகள் தோதுப்பட்டால் கடைப்பிடிக்கிறார்கள், இல்லாவிட்டால் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் மறக்காதீர்கள். மனுவில் இந்தக் கொள்கையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

இனி அந்த இளைஞரின் மனுவுக்கு வருவோம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் அலுவலகத்தில் இருக்கும் காகிதத்தைத் தரும். அதிகாரியின் மனதில் இருப்பதைத் தராது. அதனால் "ஏன்" என்று கேட்காதீர்கள். காகிதத்தைக் கேளுங்கள். அவருக்கு நான் எழுதிக் கொடுத்தது இப்படி இருந்தது: இன்ன தேதியிட்ட வரைவு விதிகள் தொடர்பாகக் கருத்து அளித்த கம்பெனிகள், தொழில் சங்கங்களின் பெயர்ப் பட்டியல். அவை அளித்த கடிதங்களின் நகல்கள். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை அவற்றின் பிரதிநிதிகளோடு அமைச்சகம் நடத்திய கூட்டங்களின் தேதி, நிகழ்ச்சி நிரல், நடவடிக்கைக் குறிப்பு. இது தொடர்பான கோப்பை நேரில் பார்வையிட அனுமதி. அவ்வளவுதான். ஐந்நூறு வார்த்தைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்; மத்திய விதிகளில் அதுதான் அளவு.

கட்டணத்தில்தான் நம்மவர்கள் தொடர்ந்து கோட்டை விடுகிறார்கள், அதனால் திரும்பச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். மத்திய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது. செல்லவே செல்லாது. தபாலில் அனுப்பினால் பத்து ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர் வாங்கி, பெறுபவர் இடத்தில் அந்த அலுவலகத்தின் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் என்று எழுதுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, அடிக்கட்டையைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை மனுவின் நகலோடு பின் செய்யுங்கள். இதைவிட எளிது மத்திய அரசின் ஆர்.டி.ஐ. ஆன்லைன் தளம்: அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்து, பத்து ரூபாயை ஆன்லைனிலேயே கட்டி, பதிவு எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தமிழில் எழுத உங்களுக்குச் சட்ட உரிமை உண்டு. ஆனால் மொழிபெயர்ப்பைச் சாக்காக வைத்து நாளைக் கடத்தக்கூடும். முடிந்தால் எளிய ஆங்கிலத்தில் அனுப்புங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனால், 6(3) பிரிவுப்படி ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

மறுப்பு வரும். எந்தப் பிரிவைக் காட்டி வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கிறோம் என்று 8(1)(இ) பிரிவைக் காட்டுவார்கள். 2015 டிசம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கிக்கும் ஜெயந்திலால் மிஸ்திரிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பதிலுக்குக் காட்டுங்கள்: ஒழுங்குபடுத்தும் அமைப்பாக ரிசர்வ் வங்கி வங்கிகளிடமிருந்து பெறும் தகவலில் அப்படிப்பட்ட நம்பிக்கை உறவு கிடையாது, அதன் கடமை பொதுமக்களுக்கே. அந்த வழக்கு வங்கிகளைப் பற்றியது என்றாலும் வாதம் இங்கேயும் பொருந்தும். வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டினால், 10-ம் பிரிவைச் சொல்லுங்கள்: ரகசியமான வரிகளை மறைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள். கம்பெனியைக் கேட்டுத்தான் சொல்வோம் என்றால் அது 11-ம் பிரிவு. கம்பெனிக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு, மொத்தம் 40 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். கம்பெனி வேண்டாம் என்றால் அதோடு முடிந்துவிடாது. முடிவெடுக்க வேண்டியவர் பொதுத் தகவல் அலுவலர்.

இன்னொரு பள்ளம் புதிதாக வந்திருக்கிறது. கருத்துகளை மறைத்து வைத்துக்கொண்டு கொண்டுவந்த அதே தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்திவிட்டது. 2025 நவம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. தனிநபர் தகவல் என்று ஒரு சொல்லிலேயே இப்போது மறுக்க முடியும். ஆகவே கூட்டத்துக்கு வந்த ஆட்களின் பெயரைக் கேட்காதீர்கள். கம்பெனியின் பெயரையும், வந்தவரின் பதவியையும் மட்டும் கேளுங்கள். பொதுநலன் பெரிது என்றால் விலக்கு பெற்ற தகவலையும் கொடுக்கலாம் என்று சொல்லும் 8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. மனுவின் கடைசி வரியில் அதை எழுதுங்கள்.

அமைச்சகத்தைத் தவிர இன்னொரு வாசலும் உண்டு. நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் மசோதாக்கள் மீது பொதுமக்களிடம் எழுத்துக் கருத்துக் கேட்பதுண்டு. பத்திரிகையிலும் மக்களவை, மாநிலங்களவைத் தளங்களிலும் அறிவிப்பு வரும். அவகாசம் பெரும்பாலும் பதினைந்து நாள்தான். நேரில் சாட்சியம் சொல்ல விருப்பம் என்று தனியாகக் குறிப்பிட்டால்தான் அழைப்பதைப் பற்றி யோசிப்பார்கள். ஆனால் அங்கே கொடுத்த கருத்து குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும் என்று அறிவிப்பிலேயே இருக்கும். அனுப்பிவிட்டு பெருமையாக ஃபேஸ்புக்கில் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அது அவை உரிமை மீறல் என்ற சிக்கலில் கொண்டுபோய் விடலாம். போடாதீர்கள்.

அந்த இளைஞர் இந்த முறை ஆன்லைனில் விண்ணப்பித்திருக்கிறார். பதிவு எண் வந்த அன்றே காலண்டரில் முப்பதாவது நாளை வட்டமிடச் சொன்னேன். பதில் வராவிட்டால் அந்த நாளிலிருந்தும், அரைகுறையாக வந்தால் அது கையில் கிடைத்த நாளிலிருந்தும் முப்பது நாளுக்குள் அதே அமைச்சகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அங்கேயும் நடக்காவிட்டால், தொண்ணூறு நாளுக்குள் டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையம். முதல் மேல்முறையீட்டைத் தவறவிடாதீர்கள். அதற்கு மத்திய அரசு அலுவலகங்களில் ஒரு பைசா கட்டணம் கிடையாது.