தில்லியில் வீடு: சாவிக்கு முன்னால் காகிதம்

மந்திர் மார்க்கில் உள்ள நமது தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் பலர், இந்தப் பகுதியில் நெடுநாள் வசிப்பவன் என்ற முறையில் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. பக்கத்தில் ஒரு வீடு கிடைக்குமா?" கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாகத் தலைநகருக்கு மாற்றலாகி வரும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும்.

முதலில் இந்த வட்டாரத்தைப் பற்றி. மந்திர் மார்க், காளிபாடி மார்க், கோல் மார்க்கெட் ஆகிய பகுதிகளில் பெரும்பாலானவை அரசுக் குவார்ட்டர்ஸ்கள். குவார்ட்டர்ஸ் கிடைத்த ஒருவர் ஓர் அறையையோ முழு வீட்டையோ உள்வாடகைக்கு விடுவதாகச் சொல்வார். வாடகை மலிவு, பள்ளி அருகில் என்று மனம் ஆசைப்படும். ஆனால் குவார்ட்டர்ஸை உள்வாடகைக்கு விடுவது விதிகளுக்கு விரோதம். சோதனையில் பிடிபட்டால் அவருடைய ஒதுக்கீடு ரத்தாகும். 1971ஆம் ஆண்டின் அரசு வளாகச் சட்டப்படி வெளியேற்றும் நடவடிக்கையும் வரும். ஒப்பந்தமோ ரசீதோ இல்லாமல் உள்ளே இருக்கும் நமக்கு முகவரிச் சான்றும் கிடைக்காது. கொடுத்த முன்பணத்தைக் கேட்க நியாயமான இடமும் இருக்காது. பரீட்சை நேரத்தில் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்க வேண்டிவரும். எனவே இது வேண்டாம்.

அடுத்தது, கரோல் பாக், ஜனக்புரி, மயூர் விஹார், துவாரகா போன்ற இடங்களில் தனியார் வீடுகள். இங்கே எல்லோரும் 11 மாத ஒப்பந்தமே போடுகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதே இதற்குக் காரணம். "வாடகைச் சட்டம் நம்மைக் காப்பாற்றும்" என்று சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 1958ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1988இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பொருந்தாது. இன்று அந்த வாடகைக்கு யார் வீடு தருகிறார்கள்? ஆகவே நமக்குத் துணை, கையெழுத்திடும் ஒப்பந்தம்தான். காலி செய்ய எத்தனை நாள் நோட்டீஸ், ஆண்டுக்கு எவ்வளவு வாடகை உயர்வு, சுவரில் ஈரம் கசிந்தால் யார் செலவு, வெள்ளையடிக்க டெபாசிட்டில் பிடித்தம் உண்டா, மீதி எப்போது திரும்பும் என்ற ஐந்தும் எழுத்தில் இருக்கட்டும்.

வீட்டைக் காட்டுபவர் உண்மையான உரிமையாளரா என்பதையும் பாருங்கள். மின்கட்டண ரசீது, சொத்துவரி ரசீது இரண்டிலும் உள்ள பெயரை ஒப்பிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். அண்ணன் தம்பிகள் மாடிக்கு மாடி பிரித்துக்கொண்ட வீடுகளில் இது மிக அவசியம். புரோக்கர் "டோக்கன் பணம் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு பார்ட்டி வந்துவிடும்" என்று அவசரப்படுத்துவார். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம். குடிவரும் நாளில் மீட்டர் அளவைக் குறித்து, இருவரும் கையெழுத்திடுங்கள். போலீஸ் சரிபார்ப்புக்கு விவரம் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்றாலும், நாமே நினைவூட்டிச் செய்துகொள்வது நமக்கு நல்லது. மொட்டைமாடியில் உள்ள 'பர்சாத்தி' அறையை டிசம்பரில் பார்த்து மயங்காதீர்கள். மே, ஜூனில் அது அடுப்பு!

இனி, சொந்த வீடு. நம்மவர்கள் பலர் வாழ்நாள் சேமிப்பையும் பிராவிடண்ட் பண்டையும் போட்டு வாங்குவது இதுதான். தில்லியில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதன் பெயர் 'பவர்'.

டி.டி.ஏ. குத்தகை முறையில் ஒதுக்கிய பிளாட்டை மற்றவருக்கு மாற்ற அனுமதியும் கட்டணமும் தேவைப்பட்டன. அதைத் தவிர்க்க, விற்பனை ஒப்பந்தம், பொது அதிகாரப் பத்திரம், உயில் என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கைமாற்றும் வழக்கம் பரவியது. அங்கீகாரமற்ற காலனிகளிலும் இதே கதை. எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் தகப்பனார் 1989இல் இப்படி ஒரு பிளாட் வாங்கினார். அவர் காலமான பின், மகள் திருமணத்துக்காக அதை விற்க அவர் மனைவி முயன்றார். வாங்க வந்தவருக்கு வங்கி கடன் தரவில்லை. முதலில் ஒதுக்கீடு பெற்றவர் எங்கே என்று தெரியவில்லை. முப்பது ஆண்டு வாழ்ந்த வீடு, ஆனால் விற்க வழியில்லை.

உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபர் 11 அன்று சூரஜ் லாம்ப் வழக்கில், இந்த மூன்று காகிதங்களால் உரிமை மாறாது. பதிவு செய்த கிரையப் பத்திரமே வேண்டும் என்று தெளிவாகக் கூறிவிட்டது. அதற்கு முன்பே டி.டி.ஏ.யோ நகராட்சியோ ஏற்றுப் பெயர் மாற்றம் செய்தவற்றை இத்தீர்ப்பை மட்டும் காரணமாக்கிக் கலைக்க வேண்டாம் என்றும் சொன்னது. ஆகவே பழைய பவர் வீட்டில் இருப்பவர்கள், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துக் காகிதங்களை முறைப்படுத்திக் கொள்ளுங்கள். அங்கீகாரமற்ற காலனிகளில் 1,731க்கு உரிமை வழங்க 2019இல் தனிச் சட்டம் வந்தது. உங்கள் காலனி அந்தப் பட்டியலில் உண்டா என்று பாருங்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்குச் சில குறிப்புகள். நம்மூரில் பட்டாவும் வில்லங்கச் சான்றும் கேட்பதுபோல, இங்கே முதல் ஒதுக்கீட்டுக் கடிதத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரையிலான பத்திரங்களின் 'செயின்' முழுவதையும் மூலப் பத்திரமாகவே கேளுங்கள். நகலை மட்டும் காட்டினால், மூலம் ஏதாவது வங்கியில் அடமானத்தில் இருக்கலாம். சொத்துவரிப் புத்தகத்தில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்று ஆகாது. கட்டுமான நிறுவனத்திடம் வாங்கினால் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி பதிவு உண்டா என்று பார்த்து, 'கார்ப்பெட் ஏரியா' எவ்வளவு என்று கேளுங்கள். நாம் கால் வைத்து நடக்கும் இடம் அதுதான். விலை 50 லட்சம் ரூபாயைத் தொட்டால், 1 சதவீத வரியை வாங்குபவரே பிடித்துக் கட்ட வேண்டும். வீட்டம்மா பெயரில் பதிவு செய்தால் தில்லியில் முத்திரைத்தாள் கட்டணம் குறைவு.

கடைசியாக ஒன்று. விற்பவரும் தமிழர், ஒரே ஊர்க்காரர், கோயிலில் தினம் பார்ப்பவர் என்பதால் பத்திரம் கேட்கக் கூசுகிறோம். நல்ல மனிதருக்கும் வாரிசுகள் உண்டு. அவர்களை நாம் அறியோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். காகிதம் கேட்பது அவநம்பிக்கை அல்ல. பிற்காலத்தில் இரு குடும்பங்களும் முகம் பார்த்துப் பேச அதுவே வழி.